லிங்கின் பார்க்கின் ‘ஃப்ரொம் ஸீரோ’: மூன்று தரம் கேட்ட பிறகு எழுதுகிறேன்

முறிகண்டிக் கச்சான்
16 நவம்பர் 2024, இரவு 9.40

வியாழன் வாக்குப் போட்டுவிட்டு வந்த விரலில் மை அப்படியே இருக்க, இரவு 12 மணிக்குப் போனைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தேன். 7 வருடத்துக்குப் பிறகு, அமெரிக்க ரொக் பாண்ட் லிங்கின் பார்க்கின் முழு அல்பம். இன்றைக்கு இரவோடு மூன்று தரம் முழுசாகக் கேட்டாயிற்று. ஒரு மாதம் போனால் என் எண்ணம் மாறலாம். ஆனாலும் இந்தச் சூட்டோடு எழுதிவிட வேண்டும் போல இருக்கிறது.

முதலில் என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2010இல் முகாமில் இருந்து திரும்பி வந்தபோது எனக்கு 15 வயது. வீடு என்றால் தகரமும் தறப்பாளும்தான். கிளிநொச்சியில் ஒரு போன் கடையில் மெமரிக் கார்டில் பாட்டு ஏற்றித் தருவார்கள். தமிழ்ப் பாட்டு ஏற்றிய பிறகு மிச்சமாக இருந்த இடத்தில் அந்த அண்ணா தன் விருப்பத்துக்கு ஒரு இங்கிலீஸ் போல்டரைப் போட்டுவிட்டார். அதற்குள்தான் ‘நம்ப்’, ‘இன் தி எண்ட்’, ‘ஃபெயின்ட்’ எல்லாம் இருந்தன. சொல் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அந்த மனுசன் ஏன் கத்துகிறான் என்பது விளங்கிவிட்டது போல இருந்தது. பிறகு ரியூசன் கொப்பியின் பின்பக்கத்தில் ஒவ்வொரு வரியாக எழுதி அகராதி பார்த்தேன். இன்றைக்கு எனக்குத் தெரிந்த இங்கிலீசில் பாதி அப்படி வந்ததுதான்.

2017 யூலை 21 காலை, மாங்குளத்தில் வேலைக்குப் போய் இறங்கியபோது போனில் செய்தி பார்த்தேன். முதல் நாள் லிங்கின் பார்க்கின் பாடகர் செஸ்டர் பென்னிங்டன் இறந்துபோய்விட்டார். 41 வயது. அன்றைக்கு வேலை செய்தேனா இல்லையா என்றுகூட ஞாபகம் இல்லை.

சரி, அல்பத்துக்கு வருகிறேன். 11 தடங்கள், மொத்தம் 32 நிமிடம் அளவு. முதல் தடம் 22 விநாடி அறிமுகம்தான். முதல் தரம் கேட்டபோது தகரத்தில் மழை அடித்த சத்தத்தில் அது எனக்குக் கேட்கவே இல்லை. நேராக ‘தி எம்ப்டினெஸ் மெஷின்’தான் காதில் விழுந்தது. செப்டெம்பரில் வந்த பாட்டு, ஏற்கெனவே நூறு தரம் கேட்டிருப்பேன். ஆனால் அல்பத்தின் வாசலில் வைத்துக் கேட்கும்போதுதான் அதை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். முதல் பகுதியையும் முதல் பல்லவியையும் மைக் ஷினோடா தனியாகப் பாடுகிறார். எங்களுக்குப் பழகிய குரல். அவர்தான் முதலில் வந்து கதவைத் திறக்கிறார். புதிதாகச் சேர்ந்த பாடகி எமிலி ஆம்ஸ்ட்ரோங் இரண்டாம் பகுதியில்தான் உள்ளே வருகிறார். புதுக் குரலை எங்களுக்கு முன்னால் தூக்கிப் போடாமல், கையைப் பிடித்துக் கூட்டிவந்து இருத்துகிறார்கள். இதை ஒரு மரியாதையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

‘ஹெவி இஸ் த கிரவுன்’ பாட்டில் எமிலியின் அந்த நீண்ட அலறல் வரும். 2007இல் ‘கிவன் அப்’ பாட்டில் செஸ்டர் 17 விநாடி கத்தியதை ஞாபகம் வைத்திருப்பவர்களுக்கு அது எதற்கு அங்கே இருக்கிறது என்று தெரியும். அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு கூசியது, சந்தோசத்தில் இல்லை. தன்னால் முடியும் என்று அவர் காட்ட வேண்டிய நிலையில் நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவரை வைத்திருக்கிறோம் என்று தோன்றியது.

எனக்கு ஆகப் பிடித்தது ‘ஓவர்ஃப்ளோ’. அவசரம் இல்லாமல், தண்ணீருக்குள் இருந்து வருவது போல நடக்கிற பாட்டு. இந்த மழைக்காலத்தில் குளம் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறவனுக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. கிற்றார் பின்னால் எங்கேயோ நிற்கிறது. இரண்டு குரலும் ஒன்றையொன்று முந்தவில்லை. 2010இல் ‘எ தௌசண்ட் சன்ஸ்’ வந்தபோது பலர் திட்டினார்கள். நான் அந்த அல்பத்தின் பக்கம் நின்றவன். அந்த லிங்கின் பார்க் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று இந்தப் பாட்டு சொன்னது.

‘ஸ்டெயின்ட்’ எனக்குள் இறங்கவில்லை. மூன்று தரமும் அது போனதே தெரியவில்லை. ‘டூ ஃபேஸ்ட்’ நல்ல பாட்டுத்தான், பாண்டின் டிஜே ஜோ ஹானின் தட்டு உரசுகிற சத்தம் கேட்கப் பழைய நாட்கள் எல்லாம் வந்தன. ஆனால் அது 2000ஆம் ஆண்டு அல்பத்தில் இருந்து வெட்டி எடுத்து ஒட்டியது போல இருக்கிறது. எனக்கு அவர்கள் பழையதைத் திரும்பத் தர வேண்டாம். அது என்னிடம் இருக்கிறது.

கடைசிப் பாட்டு ‘குட் திங்ஸ் கோ’ பற்றி இப்போது எழுத மாட்டேன். இன்னும் கொஞ்ச நாள் கேட்க வேண்டும்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?


அறிவியல்நகர் ஹொஸ்டல்
16 நவம்பர் 2024, இரவு 10.25

அண்ணா, ‘டூ ஃபேஸ்ட்’ விசயத்தில் நான் உங்களோடு இல்லை!

நான் டிறம்ஸ் வாசிக்கிறவன், அந்தக் காதோடு சொல்கிறேன். பழைய டிறம்மர் ரொப் போர்டன் இந்தத் தரம் சேரவில்லை. கொலின் பிரிட்டன் என்று ஒருவர் வந்திருக்கிறார். எல்லாரும் பாடகியைப் பற்றித்தான் கதைக்கிறார்கள், இவரைப் பற்றி ஒருவரும் சொல்வதில்லை. ரொப்பின் அடி மணிக்கூடு மாதிரி, ஒழுங்காக அதனதன் இடத்தில் விழும். கொலினின் அடி கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்து ஓடும். ‘கஷுவல்ட்டி’யைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். இரண்டரை நிமிடம்கூட இல்லை, ஆனால் மைக் ஷினோடாவே தொண்டை கிழியக் கத்துகிறார். அவர் ராப் பாடுவதைத்தான் இவ்வளவு வருடமும் கேட்டோம், இப்படிக் கேட்டதில்லை. அவரைப் பின்னால் நின்று தள்ளுவது டிறம்ஸ்தான். ‘கட் த பிரிட்ஜ்’ தொடங்கும்போது ‘பிளீட் இட் அவுட்’ ஞாபகம் வரும், ஆனால் போகப் போக வேறு ஆளின் கை என்று தெரியும்.

ஒரு குறை. ஒலிக்கலவை முழுக்க முழுக்க நிரப்பிக் கிடக்கிறது. மெல்லிய இடத்துக்கும் பெரிய இடத்துக்கும் வித்தியாசம் குறைவு. எல்லாமே ஒரே உயரத்தில் சத்தமாக நின்றால் பல்லவி வந்து விழும்போது விழுந்த மாதிரி இருக்காது. ஹெட்செற்றில் 32 நிமிடம் முடிய எனக்குக் காது களைத்துப்போனது. ‘ஓவர்ஃப்ளோ’ உங்களுக்குப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும். அந்தப் பாட்டில்தான் மூச்சு விட இடம் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செஸ்டர் இறந்தபோது எனக்கு 15 வயது, அப்போது இந்த பாண்டைத் தெரியாது. ஹொஸ்டலில் பெடியங்கள் லீக் ஒஃப் லெஜண்ட்ஸ் என்ற கணினி விளையாட்டின் உலகப் போட்டி பார்த்தபோதுதான் ‘ஹெவி இஸ் த கிரவுன்’ கேட்டேன், அதுதான் அந்தப் போட்டியின் பாட்டு. அதற்குப் பிறகுதான் பழையவற்றைத் தேடிப் போனேன். அதனால் எனக்கு எமிலிதான் முதலில் வந்தவர். அந்த அலறலைக் கேட்டு எனக்கு உடம்பு கூசவில்லை, எழும்பி நின்றேன். நீங்கள் இரண்டு குரலைக் கேட்கிறீர்கள், நான் ஒன்றைத்தான் கேட்கிறேன்.


நந்திக்கடல் காற்று
17 நவம்பர் 2024, காலை 6.15

நான் கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை.

கோபத்தில் எழுதவில்லை. எமிலி என்ற பெண்ணில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நன்றாகப் பாடுகிறார் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் பெயர் அதே பெயர். அந்தப் பெயரைக் கேட்டால் எனக்குள் ஒரு குரல்தான் எழும்பும். வேறு பெயரில் வந்திருந்தால் முதல் ஆளாகக் கேட்டிருப்பேன். மைக் தனியாகப் ‘போஸ்ட் டிறோமாட்டிக்’ வெளியிட்டபோது கேட்டேன், அழுதேன்.

எனக்கு இந்தப் பாட்டுகளைத் தந்தது என் அண்ணா. அண்ணா இப்போது இல்லை. அதற்கு மேல் எழுத விருப்பமில்லை. இல்லாத ஆளின் கதிரையில் இன்னொருவரை இருத்திவிட்டு, பார் எவ்வளவு வடிவாக இருக்கிறது என்று சொன்னால் எனக்கு நோகிறது. அவ்வளவுதான்.


முறிகண்டிக் கச்சான்
17 நவம்பர் 2024, காலை 7.02

நந்திக்கடல், நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லையும் மறுக்க மாட்டேன். கேட்கச் சொல்லி உங்களை ஒருவரும் நெருக்கக் கூடாது, நானும் நெருக்க மாட்டேன். இந்த இழையில் இருங்கள், அது போதும்.

தம்பி, காது களைத்தது என்று சொன்னது சரி. எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. நீ சொன்ன பிறகுதான் விளங்கியது.


வற்றாப்பளை அக்கா
17 நவம்பர் 2024, பிற்பகல் 2.30

எனக்கு 46 வயது. இந்த இழையில் எழுதலாமா என்று இரண்டு தரம் யோசித்துவிட்டு எழுதுகிறேன். என் மகன் போட்டதால் கேட்ட பாட்டுகள் இவை.

எங்கள் காலத்தில் இங்கே கரண்ட் கிடையாது, பற்றரியும் கிடையாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்டோம். சுற்றுகிறவருக்குக் கை களைத்தால் கசற் மெல்ல ஓடும், பாடுகிறவரின் குரல் தடித்துவிடும். சுசீலா அம்மாவின் குரல் ஆண் குரலாகும் வரைக்கும் போகும். பிறகு யாராவது ஓடிவந்து மாறிச் சுற்றினால் குரல் திரும்பி வரும். அப்படிக் கேட்டுப் பழகியதாலோ என்னவோ, குரல் மாறுவது எனக்குப் பெரிய அதிர்ச்சியாக இருப்பதில்லை.

நான் சொல்ல வந்தது கூத்தைப் பற்றி. எங்கள் அப்பா காத்தவராயன் கூத்தில் பின் காத்தான். தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். விடிய விடிய ஆடுகிற கூத்து, ஒரு ஆளால் முழு இரவும் பாடி ஆட முடியாது. அதனால் பால காத்தான், ஆதிக் காத்தான், நடுக் காத்தான், பின் காத்தான் என்று ஒரே பாத்திரத்துக்கு ஒருவருக்குப் பின் ஒருவர் வருவார்கள். குரல் வேறு, உயரம் வேறு, சில நேரம் வயதும் வேறு. ஆனால் ஆர்மோனியக்காரர் மாற மாட்டார், மெட்டு மாறாது. புது ஆள் வந்து முதல் வரி பாடும் வரைக்கும் சனம் முன்னவரையே நினைத்துக்கொண்டு இருக்கும். இரண்டு பாட்டுப் போனால் அவர்தான் காத்தான். அப்பா கழுமரம் ஏறுகிற கட்டத்துக்கு வரும்போது விடிந்துகொண்டு வரும், ஆதிக் காத்தானை நினைத்துக்கொண்டு ஒருவரும் இருக்க மாட்டார்கள், எல்லாரும் அழுவார்கள்.

முறிகண்டித் தம்பி சொன்ன அந்த முதல் பாட்டைக் கேட்டபோது மைக் என்பவரை ஆர்மோனியக்காரராகத்தான் நினைத்தேன். அவர் அதே சுருதியைப் பிடித்து வைத்துக்கொண்டு நிற்கிறார். அந்தப் பிள்ளை வந்து அதில் ஏறுகிறது. எனக்குப் பிடித்த பாட்டு ‘ஓவர் ஈச் அதர்’. அதில் அந்தப் பிள்ளை மட்டும் பாடுகிறது. கத்தாமல் பாடும்போதுதான் குரலில் ஒரு கரகரப்பு இருப்பது தெரிகிறது. கூத்தில் இதைக் கட்டைத் தொண்டை என்போம். நல்ல பாடகிகளுக்கு அது வேண்டும்.


நந்திக்கடல் காற்று
17 நவம்பர் 2024, மாலை 5.48

அக்கா, நீங்கள் எழுதியதை மூன்று தரம் வாசித்தேன். எங்கள் ஊரிலும் காத்தான் கூத்துப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஆதிக் காத்தான் தன் முறை முடிந்ததும் திரைக்குப் பின்னால் போய்த் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருப்பார். பின் காத்தான் ஆடுவதைப் பார்த்துக்கொண்டும் இருப்பார். விடிந்ததும் இரண்டு பேரும் ஒன்றாக வீட்டுக்குப் போவார்கள்.


வற்றாப்பளை அக்கா
17 நவம்பர் 2024, மாலை 6.20

ஓம் தம்பி. நீங்கள் சொல்வது உண்மை. நான் அதை யோசிக்கவில்லை.


லண்டனில் ஒட்டுசுட்டான்
17 நவம்பர் 2024, இரவு 8.10

செப்டெம்பர் 24 லண்டன் ஓ2 அரங்கில் நின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாமா?

அல்பத்தைக் கேட்டு முடிவெடுப்பதற்கும் நேரில் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. பழைய பாட்டுகள் வரும்போது எமிலி தனியாகப் பாட முயலவில்லை. பல்லவிகளைச் சனம்தான் பாடியது, அரங்கம் முழுக்க. எனக்குப் பக்கத்தில் 50 வயதளவில் ஒரு வெள்ளைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். அவரும் நானும் ஒரு சொல்லும் கதைக்கவில்லை, முடிந்து போகும்போது தோளில் தட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு மேடையில் கிற்றார் வாசிக்கிற பிராட் டெல்சன் இல்லை. அவர் பாண்டில் இருக்கிறார், இந்த அல்பத்திலும் வாசித்திருக்கிறார், ஆனால் மேடைக்கு வருவதில்லை. அவர் இடத்தில் அலெக்ஸ் ஃபெடர் நின்றார். நின்றுபோன, மாறிப்போன ஆட்கள் நிறைய. பேஸ் வாசிக்கிற ஃபீனிக்ஸ், ஜோ, மைக் மூன்று பேரும்தான் பழைய முகங்கள்.

எமிலியின் முந்தைய பாண்ட் டெட் சாராவைக் கேட்காமல் அவரைப் பற்றி முடிவு எடுக்க வேண்டாம் என்று எல்லாரிடமும் கேட்கிறேன். அங்கே அவர் ஒருவருக்கும் மாற்றாக வந்தவர் இல்லை. அந்தத் தொண்டை பல வருடமாகவே அப்படித்தான். அதைத் தெரிந்துகொண்ட பிறகு ‘ஹெவி இஸ் த கிரவுன்’ அலறலை நான் செஸ்டரோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டேன்.

என் வாக்கு ‘ஐ.ஜி.வை.இ.ஐ.எச்’ பாட்டுக்கு. பெயர் விளங்காதவர்களுக்கு: என்னிடம் இருப்பது எல்லாவற்றையும் உனக்குத் தருகிறேன் என்ற வரியின் முதல் எழுத்துகள். அந்தப் பாட்டின் கடைசி ஒரு நிமிடத்தைச் சத்தமாகப் போட்டுக் கேளுங்கள்.


மல்லாவி மழை
17 நவம்பர் 2024, இரவு 8.33

எல்லாரும் எழுதுவதைப் பார்த்து ஆசையாக இருக்கிறது. நான் இந்த பாண்டைக் கேட்டதே இல்லை. எதில் தொடங்கலாம்? டேட்டா கொஞ்சம்தான் இருக்கிறது.


முறிகண்டிக் கச்சான்
17 நவம்பர் 2024, இரவு 8.50

மல்லாவி, டேட்டா குறைவு என்றால் இரண்டு பாட்டு. முதலில் 2003இல் வந்த ‘மெட்டியோரா’ அல்பத்தில் ‘நம்ப்’. பிறகு ‘தி எம்ப்டினெஸ் மெஷின்’. இந்த ஒழுங்கில்தான் கேட்க வேண்டும், மாற்றிக் கேட்காதீர்கள்.


அறிவியல்நகர் ஹொஸ்டல்
18 நவம்பர் 2024, இரவு 11.05

அண்ணா, மழையில் கேட்காமல் போன அந்த 22 விநாடியைத் திரும்பக் கேட்டீர்களா? நான் இன்றைக்குத்தான் காதை வைத்துக் கேட்டேன். ஆட்கள் சேர்ந்து பாடுவது போல ஒரு ஓசை, பிறகு ஸ்டூடியோவில் கதைக்கிற சத்தம். அல்பத்தின் பெயரைக் கேட்டு எமிலி, ஒன்றும் இல்லாததில் இருந்தா என்று விசாரிக்கிறார். பிறகு அவருக்கே விளங்குகிறது. இந்த பாண்டின் முதல் பெயர் ஸீரோ, எக்ஸ் எழுத்தில் தொடங்கும். 1996இல் அந்தப் பெயரில்தான் தொடங்கினார்கள். அப்போது பாடியவர் வேறு ஒருவர், மார்க் வேக்ஃபீல்ட். அவர் விலகிய பிறகு 1999இல் அரிசோனாவில் இருந்து வந்து சேர்ந்தவர்தான் செஸ்டர். அதாவது செஸ்டரும் ஒருவர் விட்டுப்போன இடத்துக்கு வந்தவர்.

இதை நந்திக்கடல் அண்ணாவுக்குப் பதிலாக எழுதவில்லை. மார்க் உயிரோடு விலகினார், அது வேறு என்று எனக்குத் தெரியும். ஆனால் இவ்வளவு பெரிய விசயத்தை 22 விநாடிக்குள், சத்தம் போடாமல், தெரிந்தவர்களுக்கு மட்டும் விளங்கும்படி வைத்திருக்கிறார்கள். அதற்காகவே எனக்கு இந்த அல்பத்தின் மேல் மதிப்புக் கூடியது.


நந்திக்கடல் காற்று
20 நவம்பர் 2024, காலை 5.50

இரவு ‘தி எம்ப்டினெஸ் மெஷின்’ போட்டேன். அல்பம் இல்லை, அந்த ஒரு பாட்டு மட்டும்.

மைக் பாடும் வரைக்கும் கேட்டேன். அடுத்தவர் வருவதற்கு முதல் நிறுத்திவிட்டேன். மைக்கின் குரல் கொஞ்சம் வயதாகிவிட்டது. அது எனக்குப் பிடித்திருந்தது. அண்ணாவுக்கும் மைக்கைத்தான் கூடப் பிடிக்கும்.


முறிகண்டிக் கச்சான்
20 நவம்பர் 2024, இரவு 9.15

நந்திக்கடல், எழுதியதற்கு நன்றி.

கடைசிப் பாட்டைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். காலையில் முறிகண்டியில் பஸ் ஏறி ஹெட்செற்றைப் போட்டால் மாங்குளத்தில் இறங்கும்போது அல்பத்தில் ‘குட் திங்ஸ் கோ’ ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது. மூன்று நாளும் அப்படியே நடந்தது. அதனால் அதை நான் நடந்துகொண்டுதான் கேட்கிறேன், சந்தியில் இருந்து வேலைக்குப் போகிற அந்தக் கொஞ்சத் தூரத்துக்கு.

நல்லவை இருக்க வேண்டிய இடத்தில் சில நேரம் கெட்டவை வந்து குந்திவிடுகின்றன என்று போகிற பாட்டு. தன் கெட்ட நாட்களைப் பக்கத்தில் நின்றவர் சுமந்தார் என்று தெரிந்துகொண்டவன் பாடுகிற மாதிரி மைக் மெல்லச் சொல்லிக்கொண்டு போகிறார், எமிலி அவருக்கு மேலே பாடுகிறார். இதில் அவர் எதையும் காட்ட வேண்டியதில்லை. ஒரு இடத்திலும் செஸ்டரின் குரலை நான் தேடவில்லை. முடிந்த பிறகுதான், தேடவில்லை என்பதே எனக்குத் தெரிந்தது. அது தெரிந்ததும் கொஞ்சம் கவலையாகவும் இருந்தது. ரோட்டு ஓரத்தில் நின்று அவருடைய பழைய பாட்டு ஒன்றைப் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன். வேலைக்குப் பத்து நிமிடம் பிந்திவிட்டது.

மல்லாவி, நீங்கள் இரண்டையும் கேட்டீர்களா?